கார்ட் நதிக்கரை நெசவாளியும் மூன்று சோப்ரானோக்களும்

ஒரு பெண் பாடுகிறாள். கார்ட் நதி உருண்டோடிக் கடலைப் பார்த்துப் போகும் வழியில், பூவும் படர்ந்த மரமும் நிறைந்த கரையில், அவளுக்கென்று ஒருவன் இருக்கிறான். அவன் நெசவாளி. அதற்கு முன் எட்டோ ஒன்பதோ பேர் அவளைத் தேடி வந்தார்கள். மோதிரம் கொடுத்தார்கள், அழகழகாக ரிப்பன் கொடுத்தார்கள். மனசு எங்கேயாவது தொலைந்துபோய்விடுமோ என்று பயந்து அதை நெசவாளியிடம் ஒப்படைத்துவிட்டாள். அப்பா சீதனப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, நிலம் வைத்திருக்கும் பையனுக்குப் பெண்ணைத் தருவதாக. அவளோ, மனசு போன இடத்துக்கே கையும் போகும் என்கிறாள். இலைப்பந்தலில் பறவைகள் மகிழும்வரை, விரியும் பூவில் தேனீ களிக்கும்வரை, கோடைமழையில் பயிர் பச்சை பிடிக்கும்வரை என் நெசவாளியை நேசிப்பேன் என்று சொல்லி முடிக்கிறாள்.

பாட்டு அவ்வளவுதான். நாலு கண்ணி, பதினாறு அடி. ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எழுதி 1792-இல் அச்சான பாட்டு இது. இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1997-இல், அதே நாட்டின் இசையமைப்பாளர் ஜேம்ஸ் மெக்மில்லன் இதை வாத்தியம் எதுவும் இல்லாத சேர்ந்திசையாக அமைத்தார். பெயர் ‘தி கேலண்ட் வீவர்’. மிடுக்கும் பண்பும் உள்ள நெசவாளி என்று பொருள் கொள்ளலாம். ஒரு குழுவில் வழக்கமாக நான்கு குரல் வகைகள் இருக்கும்: பெண்களின் உயர்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ, ஆண்களின் உயர்குரல் டெனர், தாழ்குரல் பேஸ். மெக்மில்லன் இங்கே சோப்ரானோவை மட்டும் மூன்றாகப் பிரித்து ஆறு குரல் ஆக்கினார். அந்த மூன்று பெண்குரல்களில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது.

முதல்முறை கேட்கிறவருக்கு இது தலைமுறை தலைமுறையாக மலையடிவாரத்தில் பாடிவந்த மெட்டு என்றே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மெட்டு மெக்மில்லனின் சொந்த மெட்டு. பழைய மெட்டு ஒன்றைக்கூட எடுத்தாளாமல் பழம்பாட்டின் மணத்தை ஒருவர் எப்படி வரவழைத்தார்? விடை சுரங்களில் பாதிதான் இருக்கிறது. மீதி, குரல்கள் ஒன்றோடொன்று சேரும் முறையில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஸ்காட்லாந்தின் நாட்டுப்பாடல் என்று இன்று நாம் கேட்பதில் நிறைய பர்ன்ஸின் கைபட்டு வந்தவை. எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் என்றொரு செதுக்குத் தொழிலாளர் இருந்தார். ஈயக்கலவைத் தகட்டில் இசைக்குறிப்பைச் செதுக்கி மலிவாக அச்சிடும் வழியைப் பிடித்தவர். நாட்டின் பாடல்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டவேண்டும் என்ற ஆசையில் ‘ஸ்காட்ஸ் மியூசிக்கல் மியூசியம்’ என்ற தொகுப்பைத் தொடங்கினார். 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகள், தொகுதிக்கு 100 பாட்டு. இரண்டாம் தொகுதியிலிருந்து அதன் உண்மையான ஆசிரியராக உழைத்தவர் பர்ன்ஸ். 200 பாடல்கள் அளவுக்கு அவர் எழுதியோ திருத்தியோ கொடுத்தவை. இதற்காக ஒரு காசு வாங்கவில்லை. தேசத்தின் பாட்டுக்குக் கூலி வாங்குவது அவருக்கு அவமானமாகப் பட்டது.

அவர் எழுதிய விதம் முக்கியம். மெட்டு என் தொண்டையில் முழுதாகப் படியும்வரை அதற்கு ஒரு சொல்லும் எழுத என்னால் முடியாது என்று 1793-இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். மெட்டு எந்த உணர்ச்சியைப் பேசுகிறது என்று யோசிப்பார், அதற்கேற்ற பொருளைத் தேடுவார், முதல் கண்ணியைத் தொடங்குவார், நடந்துகொண்டே முனகிக்கொண்டே மீதியைக் கட்டுவார். நம் சினிமாப் பாடலாசிரியர்கள் ‘மெட்டுக்குப் பாட்டு’ என்பார்களே, அதுதான். சில இடங்களில் கிழவிகளின் நினைவில் இருந்த இரண்டு அடியை வைத்துக்கொண்டு மற்றதை அவரே எழுதுவார். எது பழசு, எது பர்ன்ஸ் என்று இன்று பிரித்துச் சொல்வது பல பாட்டுகளில் முடியாத காரியம்.

நெசவாளிப் பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது நெசவாளர் அணிவகுப்பு என்ற பெயரில் வழங்கிய ஒரு வாத்திய மெட்டு. நடைபோடுவதற்கான மெட்டு. அதில் ஒரு பெண்ணின் மனசை ஏற்றினார். (இதே காலத்தை ஒட்டித் தமிழகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஆங்கிலேயப் பட்டாளத்து பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டுசுரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆட்டமெட்டுகளும் உண்டு.) ஆக, மெக்மில்லன் கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பாட்டு பல கைகள் சேர்ந்து நெய்ததுதான். பெயர் தெரியாத ஒருவரின் மெட்டு, பர்ன்ஸின் சொல், ஜான்சனின் தகடு. மெக்மில்லன் மெட்டை மாற்றியதை ஒரு மரபுமீறலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பர்ன்ஸ் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லைப் புதிதாக எழுதினார். மெக்மில்லன் சொல்லை வைத்துக்கொண்டு மெட்டைப் புதிதாக எழுதினார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1786-இல் ஏர்ஷயர் வட்டாரத்து மாக்லின் என்ற ஊரில் ஜீன் ஆர்மர் என்ற கொத்தனார் மகள் பர்ன்ஸால் கருவுற்றாள். கையில் காசில்லாத, பேர்கெட்ட கவிஞனுக்குப் பெண்ணைத் தர அப்பாவுக்கு மனமில்லை. அவளைப் பெய்ஸ்லி என்ற நெசவாளர் ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ராபர்ட் வில்சன் என்ற நெசவாளி அவள்மீது நாட்டம் கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பர்ன்ஸ் துடித்துப்போனார். அந்த மாதங்களில் அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கோபமும் கலக்கமும் மாறிமாறி வருகின்றன. செப்டம்பரில் ஜீனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. பிறகு பல திருப்பங்கள். கடைசியில் 1788-இல் இருவரும் கணவன் மனைவி ஆனார்கள்.

கார்ட் நதி ஓடுவது இந்தப் பெய்ஸ்லி வழியாகத்தான். பாட்டில் வரும் நெசவாளி அந்த வில்சன்தான் என்று பர்ன்ஸை ஆராய்ந்த பலர் கருதுகிறார்கள். அப்படியானால், தன்னைப் பொறாமையில் வேகவைத்த ஒருவனுக்கு, தான் காதலித்த பெண்ணின் வாயாலேயே ஒரு காதல் பாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார் பர்ன்ஸ். நிலம் வைத்திருப்பவனை ஒதுக்கிவிட்டுத் தறிக்காரனைத் தேர்ந்தெடுக்கும் பெண். பாட்டில் ஒரு துளிக் கசப்பு இல்லை. வேறொருவனாக நின்று, வேறொருத்தியின் குரலில், தனக்கு எதிராகவே இவ்வளவு இனிமையாகப் பாட ஒரு பெரிய மனசு வேண்டும். பர்ன்ஸை நான் மிகவும் நேசிக்கும் இடங்களில் இது ஒன்று.

பெய்ஸ்லி என்ற பெயர் தமிழர் வீட்டு பீரோவுக்குள்ளும் இருக்கிறது. பட்டுச்சேலைக் கரையில் ஓடும் மாங்காயை உலகம் ‘பெய்ஸ்லி’ என்று அழைக்கிறது. காஷ்மீர்ச் சால்வைகளில் இருந்த அந்த வடிவத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெய்ஸ்லித் தறிகளில் அதைப் போலச்செய்து மலிவாக விற்றார்கள். சால்வை புகழ்பெற்றது, ஊர்ப்பெயரே வடிவத்தின் பெயர் ஆகிவிட்டது. ஆனால் பர்ன்ஸின் நெசவாளி மாங்காய் நெய்தவன் இல்லை. அவர் பாட்டு அச்சான காலத்தில் அந்த ஊரில் மெல்லிய பட்டுவலைத் துணியும் மஸ்லினும்தான் ஓடின. நுணுக்கமான வேலை, அந்த ஆண்டுகளில் கூலியும் மோசமில்லை. வீட்டோடு தறி. எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பது அவரவர் கையில். அதனால் வாசிப்பும் அரசியல் பேச்சும் பாட்டும் அந்தத் தெருக்களில் தழைத்தன. ராபர்ட் டானஹில் என்ற நெசவாளிக் கவிஞர் பெய்ஸ்லிக்காரர். தறிக்குப் பக்கத்திலேயே எழுதுபலகை வைத்துக்கொண்டு, நாடா ஓடும் தாளத்தில் பாட்டுக் கட்டினார் என்று சொல்வார்கள். அமெரிக்கப் பறவைகளைப் பற்றி முதன்முதலாக விரிவான நூல்தொகுதி எழுதிய அலெக்சாண்டர் வில்சனும் இங்கே நெசவு செய்தவர், கவிதை எழுதியவர். அந்த ஊர்ப் பெண்ணுக்கு நெசவாளி ஏன் மிடுக்கானவனாகத் தெரிந்தான் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

இனி இசைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மரபுப் பாட்டு அடிப்படையில் ஒற்றைக் கோட்டுப் பாட்டு. ஒருவர் பாடுவார், பக்கத்தில் வாத்தியம்கூட வேண்டாம். கூட்டமாகப் பாடும்போதும் எல்லாரும் அதே கோட்டைத்தான் பாடுவார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் நெய்த கம்பளித் துணியை நனைத்து, பலகையைச் சுற்றி உட்கார்ந்து, தாளத்தோடு அடித்து இறுக்கும்போது பாடுவது ஒரு பெரிய மரபு. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் பதில் சொல்வார்கள். வேலை ஓடும், பாட்டு ஓடும். அதில் மேற்கத்திய ஹார்மனி கிடையாது. ஒரு சுரத்துக்கு அடியில் வேறு சுரங்களை நிறுத்தித் தாங்கவேண்டும் என்ற எண்ணமே அங்கே இல்லை.

ஆகவே இந்த மரபுப் பாட்டைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவர நினைத்த ஒவ்வொருவரும் ஒரே சிக்கலில் வந்து முட்டினார்கள். எடின்பரோவின் ஜார்ஜ் தாம்சன் 1793 முதல் தன் ஸ்காட்லாந்துப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். பர்ன்ஸிடம் சொல் கேட்டார். பின்னணி இசைக்கு ஐரோப்பாவின் பெரிய பெயர்களைப் பிடித்தார்: பிளேயெல், கோசெலுக், ஹைடன், கடைசியில் பீத்தோவன். பீத்தோவனின் ஸ்காட்லாந்துப் பாடல்கள் 25 அடங்கிய தொகுதி 1818-இல் வந்தது. அவற்றில் பலவற்றுக்குப் பாட்டின் சொற்கள் என்னவென்றே தெரியாமல், வந்த மெட்டை மட்டும் பார்த்து எழுதினார் அவர். அழகான இசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மலைப்பாட்டுக்கு வரவேற்பறை உடுப்பு மாட்டிவிட்டது போல இருக்கும். மெட்டு எங்கே போகிறது என்பதைப் பியானோ முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பாடுகிறவர் நின்று மூச்சுவிட இடமில்லை.

20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்திசைக் குழுக்கள் இதை வேறு மாதிரி கையாண்டன. கிளாஸ்கோவில் ஹியூ ராபர்ட்டன் நடத்திய ஆர்ஃபியஸ் குழு அரை நூற்றாண்டுக் காலம், 1951 வரை, ஸ்காட்லாந்துப் பாடல்களைக் கூட்டுக்குரலில் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. தொழிலாளர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய குழு. உச்சரிப்பிலும் மென்மையான முடிப்பிலும் அவர்கள் காட்டிய கவனம் பழைய பதிவுகளிலேயே தெரிகிறது. இங்கிலாந்தின் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1922-இல் பர்ன்ஸின் ஓர் ஆட்டிடையர் பாட்டைத் தனி டெனருக்கும் குழுவுக்குமாக அமைத்தார். செம்மறிகளை மேட்டுக்கு ஓட்டு, ஹெதர் பூக்கும் இடத்துக்கு ஓட்டு என்று வரும் பாட்டு. ஊர் ஊராகப் போய் 800-க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களை எழுதியெடுத்த மனிதர் அவர். ஒற்றைக்குரலின் மதிப்புத் தெரிந்தவர். மெட்டைத் தனிக்குரலுக்குக் கொடுத்துக் குழுவைப் பின்னால் நிற்க வைத்ததில் அது தெரிகிறது. இருந்தாலும் அங்கே பழைய மெட்டு ஒரு பக்கம், புதிய ஹார்மனி ஒரு பக்கம். இரண்டும் அன்போடு கைகோத்து நிற்கின்றன, ஒன்றாகிவிடவில்லை.

மெக்மில்லன் வந்த வழி வேறு. 1959-இல் ஏர்ஷயரில் பிறந்து கம்னக் என்ற சுரங்க ஊரில் வளர்ந்தவர். பர்ன்ஸ் நடந்த மாக்லின் அங்கிருந்து சில மைல் தூரம். தாத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, சுரங்கத்து பேண்டில் யூஃபோனியம் வாசித்தவர், தேவாலயக் குழுவில் பாடியவர். பேரனுக்கு முதல் ஊதுவாத்தியத்தை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். பல்கலைக்கழகத்தில் நவீன ஐரோப்பிய இசையைப் படித்தார் மெக்மில்லன். அதற்குப் பக்கத்திலேயே, 1980-களில், ஒரு நாட்டுப்பாட்டுக் குழுவோடு சேர்ந்து மதுக்கடைகளில் பாடிக்கொண்டும் இருந்தார்.

அந்தக் காலத்தில் வில்லியம் சௌட்டர் என்ற பெர்த் நகரக் கவிஞரின் காதல் கவிதை ஒன்றுக்கு நாட்டுப்பாட்டு முறையில் மெட்டமைத்தார். முதுகெலும்பு நோயால் கடைசிப் பதிமூன்று ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்து 1943-இல் இறந்தவர் சௌட்டர். ‘தி டிரிஸ்ட்’, அதாவது காதலர் சந்திப்பு, அந்தக் கவிதையின் பெயர். இரவில் வந்து விடியுமுன் போய்விடும் பெண்ணைப் பற்றியது. மெக்மில்லனின் அந்த மெட்டு அவரை விடவேயில்லை. வயலின் துண்டில், சிற்றிசைக்குழுவுக்கான படைப்பில், தனிப்பாட்டில் என்று ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. 2014-இல் அவர் தன் ஊரில் தொடங்கிய இசைவிழாவுக்கும் அதே பெயர்தான். நெசவாளிப் பாட்டுக்கு மெட்டுக் கட்ட உட்கார்ந்தபோது நாட்டுப்பாட்டு என்ற மொழியைக் குடிக்கிறவர்களுக்கும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் நடுவே நின்று பாடிப் பழகியவராக உட்கார்ந்தார். ஏட்டில் பார்த்து நகலெடுக்கிறவரால் இப்படி ஒரு மெட்டு வராது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. 1996 மார்ச்சில் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஸ்காட்லாந்து முழுவதும் உறைந்துபோனது. அவர்கள் நினைவாக அந்த ஆண்டு மெக்மில்லன் ஒரு சிறு சேர்ந்திசை எழுதினார், ‘ஒரு குழந்தையின் வேண்டுதல்’ என்று. குழு அடியில் மெல்ல ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல, இரண்டு இளங்குரல்கள் மேலே மிதக்கும். நெசவாளிப் பாட்டு அதற்கு அடுத்த ஆண்டு. கீழே அசையாத தளம், மேலே பின்னும் உயர்குரல்கள் என்ற அமைப்பு இரண்டிலும் உறவுடையது. ஒன்றில் துக்கம், ஒன்றில் காதல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கை தெரியும்.

சரி, அந்தப் பின்னல் எப்படி ஆகிறது? ஒரு சோப்ரானோ மெட்டைத் தொடங்குகிறாள். அவள் முடிப்பதற்குக் காத்திராமல் இரண்டாமவள் அதே மெட்டைக் கொஞ்சம் தள்ளி எடுக்கிறாள். பிறகு மூன்றாமவள். மேற்கத்திய இசையில் இதற்குக் கேனன் என்று பெயர், ஒரு குரலை இன்னொரு குரல் தொடர்வது. பள்ளிக் குழந்தைகள் பாடும் சுற்றுப்பாட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே குரல்களுக்கு நடுவே ஒரு முழு அடி இடைவெளி இருக்கும், கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேட்கலாம். மெக்மில்லனில் இடைவெளி மிகக் குறைவு. முதல் குரலின் கடைசி அசை காற்றில் இருக்கும்போதே அதே அசை இன்னொரு தொண்டையிலிருந்து வருகிறது. மூன்று பேர் பாடுகிறார்களா, ஒரே பெண்ணின் குரல் கல்மண்டபத்தில் எதிரொலிக்கிறதா என்று ஒரு கணம் குழம்பும். அந்தக் குழப்பம்தான் அவருக்கு வேண்டியது.

மெட்டிலேயே சில அடையாளங்கள் உண்டு. முதன்மைச் சுரத்துக்கு முன்னால் சட்டென்று தொட்டுவிட்டுப் போகும் துளிச்சுரங்கள். பேக்பைப் வாசிப்பிலும் ஹைலாந்து என்ற மலைநாட்டுப் பெண்களின் பாட்டிலும் இவை இல்லாமல் ஒரு வரி நகராது. அதோடு ‘ஸ்காட்ஸ் ஸ்னாப்’ என்ற தாளக்கூறு. அதைத் தமிழ்க் காதுக்குச் சொல்வது எளிது. ‘நிலா’ என்று சொல்லி, அழுத்தத்தை முதல் குறிலில் வையுங்கள். அடி குறிலில் விழும், நீளம் நெடிலுக்குப் போகும். ஸ்காட்லாந்துப் பேச்சிலேயே இந்த வெட்டு இருக்கிறது, பேச்சிலிருந்து பாட்டுக்கு வந்தது. இந்த இரண்டும் இருந்தால் மெட்டு எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அடையாளங்களை ஒட்டிவைப்பது எவராலும் முடியும். மெக்மில்லன் செய்த பெரிய காரியம், மூன்று குரல்களின் சேர்க்கையை ஹார்மனிக்காரரின் கணக்கில் இருந்து எடுத்து, மரபின் கணக்கில் வைத்தது. அதற்கு முன்மாதிரி எங்கே என்று தேடினால் என் காது ஹெப்ரிடீஸின் லூயிஸ் தீவில் உள்ள தேவாலயங்களுக்குப் போகிறது.

அங்கே ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் சங்கீதம், அதாவது பைபிளின் துதிப்பாடல்களை, பாடும் முறை உலகில் தனி வகை. வாத்தியம் கிடையாது. முன்பாடகர் ஒருவர் எழுந்து ஒரு வரியைத் தனியாகப் பாடிக் கொடுப்பார். எழுதப்படிக்கத் தெரியாத சபையாருக்கு வரியை எடுத்துக் கொடுப்பதற்காக 17-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கம். முதல் ஐம்பது சங்கீதங்கள் கேலிக்கில் அச்சானது 1659-இல். வரியைக் கேட்டவுடன் சபை அதைத் திருப்பிப் பாடும், ஆனால் ஒன்றுபோல் அல்ல. ஒவ்வொருவரும் தன் வேகத்தில், தன் நெளிவுகளோடு, தன் மூச்சளவுக்குப் பாடுவார். எல்லாரும் பாடுவது ஒரே மெட்டு, யாரும் ஒரே நேரத்தில் ஒரே சுரத்தில் இல்லை. கேட்டால் கரையில் அலை ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரளுவது போல் இருக்கும். இசையறிஞர்கள் இதை ஹெட்டரோஃபனி என்பார்கள். ஒரே மெட்டின் பல நடைகள் ஒரே சமயத்தில் ஒலிப்பது. நாதசுரக் கச்சேரியில் இரண்டு நாதசுரங்கள் ஒரே பிடியை வாசிக்கும்போது இழையிழையாக விலகிச் சேரும் அல்லவா, அந்த உணர்வு.

கார்ட் நதிக்கரைப் பாட்டு தாழ்நிலத்துப் பாட்டு. மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ், கேலிக் அல்ல. மெக்மில்லனும் கத்தோலிக்கர், லூயிஸின் சபையோ கண்டிப்பான சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை. ஆனாலும் மூன்று சோப்ரானோக்கள் ஒரே மெட்டைத் தள்ளித்தள்ளிப் பாடி, துளிச்சுரங்கள் ஒன்றோடொன்று உரசும் அந்த நொடியில் தீவுச் சபையின் அலையோசைதான் எனக்குக் கேட்கிறது. அங்கே நூறு பேர் தன்னிச்சையாகச் செய்வதை மூன்று குரலுக்குக் கவனமாக எழுதி வைத்ததுபோல. இப்படிச் செய்யும்போது ஹார்மனி வெளியிலிருந்து வரத் தேவையில்லை. ஒரே மெட்டு தன்மேல் தானே மடிந்துகொள்ளும்போது, முதல் குரலின் மூன்றாம் சுரமும் இரண்டாம் குரலின் முதல் சுரமும் சேர்ந்து ஒலிக்கின்றன. மெட்டே தன் ஹார்மனியைப் பெற்றுக்கொள்கிறது. மெட்டில் இனிமையான இடைவெளிகள் அதிகம் என்பதால் மோதல்கள் வந்தாலும் கடிக்காமல் கரைகின்றன. தாம்சனும் பீத்தோவனும் முட்டிய சிக்கலுக்கு இதைவிட இயல்பான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அடியில் ஆல்டோ, டெனர், பேஸ் குரல்கள் நீண்ட சுரங்களில் நிற்கின்றன. பேக்பைப்பின் சுருதிக்குழாய் போல. நம் காதுக்குத் தம்புரா போல என்றும் சொல்லலாம், ஆனால் இந்தச் சுருதி முழுக்க அசையாமல் இருப்பதில்லை. மெதுவாக நகரும், மேலே உள்ள பெண்குரல்களின் வெளிச்சம் அதனால் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது தறியைப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய பாவு நூல்கள் அசையாமல் நீளவாக்கில் கிடக்கின்றன. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊடு நூலைப் போடுகிறது. கீழ்க்குரல்கள் பாவு, மேல்குரல்கள் ஊடு. நெசவாளியைப் பற்றிய பாட்டில் துணி நெய்யும் சத்தம் எதுவும் இல்லை. தடக்தடக்கென்று தாளம் போட்டுக் காட்டும் ஆசைக்கு இசையமைப்பாளர் இடம் கொடுக்கவில்லை. பாட்டின் அமைப்பே நெசவாக இருக்கிறது. இதை அவர் திட்டமிட்டாரா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. கேட்டால் தெரிகிறது, அது போதும்.

குழுவாகப் பாடுகிறவர்களுக்கு இந்த ஏழு நிமிடம் எளிதல்ல. தாளக்கணக்கு கடினம் என்பதைவிட, பழக்கத்தை மறப்பது கடினம். நல்ல குழுவில் பயிற்சி என்பதே எல்லாரும் ஒரே கணத்தில் ஒரே எழுத்தை முடிப்பது. இங்கே சோப்ரானோக்கள் மூவரும் தனித்தனி ஆளாகப் பாடவேண்டும், அதே நேரம் குரலின் நிறம் ஒருவர்போல் இருக்கவேண்டும். நிறம் பிரிந்தால் மூன்று பாடகிகள் போட்டியிடுவது போலாகிவிடும். ரொம்ப ஒட்டிவிட்டால் பின்னல் தெரியாது, வெறும் பனிமூட்டம்தான் மிஞ்சும். துளிச்சுரங்களை ஓபராப் பாடகியின் அலங்காரம் போலப் பாடினாலும் கெட்டது. தொண்டை திரும்பும் வழியில் தானாக விழுந்ததுபோல் இருக்கவேண்டும். ஸ்காட்ஸ் சொற்களை ஆங்கிலம்போல் வழுவழுப்பாக்கிப் பாடும் பதிவுகளும் உண்டு. ‘ர’கரம் உருளாத கார்ட் நதி ஓடாது.

என்னை ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்துவது மூன்றாம் கண்ணி. அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட செய்தி அங்கேதான் வருகிறது. கதைப்படி பார்த்தால் பாட்டின் ஒரே மோதல் அது. வேறொருவர் என்றால் இருட்டைக் கூட்டியிருப்பார், குரலை உயர்த்தியிருப்பார். பர்ன்ஸும் அப்படிச் செய்யவில்லை, இரண்டு அடி கழிந்ததும் அவள் முடிவு வந்துவிடுகிறது. அவளுக்கு வாதாட எதுவும் இல்லை. மெக்மில்லனின் இசையிலும் அந்த நிதானம் இருக்கிறது. ஒரு பெண் சொன்னதை இன்னொருத்தி சொல்கிறாள், அவள் முடிப்பதற்குள் மூன்றாமவள். அப்பா யாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் மனசோடு கையையும் நெசவாளிக்கே தருவேன் என்பது ஒரு பெண்ணின் வாக்காகத் தொடங்கி ஒரு தெருவின் பெண்கள் எல்லாரும் சொல்வதாக ஆகிவிடுகிறது.

ஜீன் ஆர்மருக்கு நல்ல குரல் என்று சொல்வார்கள். காட்டுப்பறவையின் குரல் என்று பர்ன்ஸே மெச்சியிருக்கிறார். அவர் முனகி முனகிக் கட்டிய மெட்டுகளை வீட்டில் அவள் பாடிக் காட்ட, அதைக் கேட்டு அவர் சொல்லைத் திருத்தியதும் உண்டு. பர்ன்ஸ் 1796 ஜூலையில் 37 வயதில் போய்விட்டார். அதற்குச் சில நாள் முன்பு, பாட்டுக்குக் காசு வேண்டாம் என்று அத்தனை காலம் மறுத்த மனிதர், கடன்காரனுக்குப் பயந்து தாம்சனிடம் ஐந்து பவுண்டு கேட்டுக் கடிதம் எழுதினார். ஜீன் 38 ஆண்டு தனியாக வாழ்ந்து 1834-இல் டம்ஃப்ரீஸ் ஊரில் இறந்தாள். பெய்ஸ்லி நெசவாளியைப் பற்றிய பாட்டும் அவள் வீட்டில் பாடப்பட்டிருக்கும்.